மருந்தில்லாத நோய்க்கு ஐ.சி.யூ. எதற்கு?

தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சட்டம் தரும் பிரசவ விடுமுறை 84 நாள். அதில் ஒரு பகுதி பேறுக்கு முன்பே கழிந்துவிடுவதும் உண்டு. ஆகவே அவள் மீண்டும் பேர் கொடுத்து வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு இரண்டரை மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, தெரணியகலைப் பக்கங்களில் இறப்பர் மரங்கள் அதிகம். பால் வெட்டு காலையோடு தொடங்கிவிடுவதால் குழந்தை இருட்டோடு தோட்டக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே மூக்கொழுகும் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகளோடு அதன் பகல் கழிகிறது.

பிரொங்கியோலைட்டிஸ் என்று வைத்தியர்கள் எழுதும் நுண்சுவாசக் குழாய் அழற்சி மிகக் கடுமையாகத் தாக்குவது இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில். விடுமுறைச் சட்டத்தின் கணக்கும் நோயின் கணக்கும் இப்படி ஒரே இடத்தில் சந்திப்பதை யாரும் திட்டமிடவில்லை. ஆனாலும் கேகாலை மாவட்டத்துக் கைக்குழந்தை ஒன்று எதனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிறது என்று கேட்டால், பதில் வைத்தியசாலைக்கு வெகு தூரத்தில், தோட்டத்தில் தொடங்குகிறது.

முதலில் நோய். சளி பிடித்த குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் இருமல் இறங்குகிறது. வைரஸ் மூக்கிலிருந்து நெஞ்சுக்குள் போய், மூச்சுக் கிளைகளிலேயே மிகச் சிறியவற்றின் உட்தோலைத் தின்கிறது. உரிந்த செல்களும் சளியும் வீக்கமும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன. பெரியவர்களுக்கும் இதே வைரஸ் தொற்றும். அவர்களுக்கு அது வெறும் தடிமன். குழந்தைக்கு ஆபத்தாவதற்குக் காரணம் அளவு. சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் காட்டும் எதிர்ப்பு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு. ஏற்கெனவே நூல் போல இருக்கும் குழாயில் ஒரு மெல்லிய சளிப்படலம் போதும். காற்று எப்படியோ உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. நெஞ்சு உப்புகிறது, சில இடங்களில் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் உழைக்கத் தொடங்குகிறது.

காரணிகளில் முதலிடம் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு. 1956இல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டே பால்டிமோரில் ரொபர்ட் சானொக் குழுவினரால் நோயுற்ற குழந்தைகளிடமும் பிரித்தெடுக்கப்பட்டது. ரைனோ, மெட்டாநிமோ, பாராஇன்ஃபுளுவென்சா, அடினோ ஆகியவையும் இதே நோயை உண்டாக்கும். இலங்கையில் இது பற்றி ஆராய்ந்தவர்கள் ஈரவலயத்துக்குக் கேகாலை வைத்தியசாலையையும் உலர்வலயத்துக்கு அநுராதபுரத்தையும் எடுத்துக்கொண்டு, சுவாசத் தொற்றோடு அனுமதிக்கப்பட்ட சிறுபிள்ளைகளைச் சோதித்தார்கள். முன்னின்ற வைரஸ் ஆர்.எஸ்.வி.தான். உலக அளவில் 2019ஆம் ஆண்டில் இந்த ஒரு வைரஸால் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இறந்ததாக மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 97 பேர் வறிய, இடைத்தர வருமான நாடுகளில். ஏறக்குறைய பாதிப்பேர் ஆறு மாதத்தைத் தாண்டாதவர்கள்.

குறைமாதப் பிள்ளை, பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளை, எடை குறைந்த பிள்ளை ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். பிறப்பு எடைக் குறைவு தோட்டத் துறையில் நாட்டின் சராசரியைவிட அதிகம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. லயத்து அடுப்புப் புகை இன்னொரு காரணம். ஆனால் இங்கே ஒன்றை மறக்கக்கூடாது: வைத்தியசாலைக்கு வரும் பிரொங்கியோலைட்டிஸ் குழந்தைகளில் பெரும்பான்மை அதுவரை எந்தக் குறையும் இல்லாமல், மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகள். ஆபத்துப் பட்டியலை மட்டும் பார்த்து வடிகட்டினால் அவர்கள் கண்ணில் படாமல் போவார்கள்.

தீவிர சிகிச்சைக்கு எப்போது? நோய் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. மூச்சு நிமிடத்துக்கு 70ஐத் தாண்டுவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகுவது, பால் குடிப்பது பாதிக்கும் கீழே குறைவது: இவை எல்லாம் எச்சரிக்கை. ஆனால் இவற்றைவிட எனக்குப் பயம் தருவது அடங்கிப்போன குழந்தை. வேகமாக மூச்சு வாங்கிய பிள்ளை சிகிச்சை எதுவும் இல்லாமலே மெதுவாக மூச்சு விடத் தொடங்கினால் வீட்டார் நிம்மதி கொள்வார்கள். உண்மையில் அது களைத்துவிட்டது, இரத்தத்தில் காபனீரொட்சைட் ஏறிக்கொண்டிருக்கிறது. மிகச் சிறிய குழந்தைகளிலும் குறைமாதப் பிள்ளைகளிலும் மூச்சே சில விநாடி நின்றுபோகும். சில வேளை நெஞ்சில் சத்தம் கேட்கும் முன்பே, நோயின் முதல் அடையாளமாகவே அது வரும்.

இனி சிகிச்சை. இங்கேதான் இந்த நோய் மற்ற நோய்களிலிருந்து விலகி நிற்கிறது. கொடுத்தால் குணமாகும் என்று சொல்லத்தக்க மருந்து ஒன்றும் கிடையாது. தேடாமல் விட்டதால் அல்ல. அரை நூற்றாண்டாகத் தேடி, ஒவ்வொன்றாகத் தோற்ற கதை இது. சல்புட்டமோல் ஆஸ்துமாவில் வேலை செய்வது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி. கைக்குழந்தையின் இழுப்பு தசை இறுகி வருவதில்லை, சளியும் வீக்கமும் அடைத்து வருவது. தளர்த்துவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. ஸ்டிரோய்ட்? 2007இல் அமெரிக்காவின் 20 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 600 குழந்தைகளை வைத்து டெக்சாமெதசோனைச் சோதித்தார்கள். அனுமதிக்க வேண்டி வந்தோர் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அட்ரினலின் ஆவி, மாண்டலுகாஸ்ட், நெஞ்சைத் தட்டும் பிசியோதெரபி என எதுவும் நிற்கவில்லை. செறிவான உப்புநீர் ஆவி பற்றி இருபது ஆண்டு விவாதம் நடந்து, இன்றும் யாரையும் முழுதாக நம்பவைக்கும் முடிவு வரவில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2014இலும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2015இலும் வெளியிட்ட வழிகாட்டிகளில் பெரும்பகுதி, எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்ற பட்டியல்தான்.

இந்த வழிகாட்டிகளை எல்லோரும் படித்திருக்கிறார்கள். இருந்தும் கொழும்பு முதல் இலண்டன் வரை வார்டுகளில் நெபுலைசர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை வைத்தியரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் மாறி, பிள்ளையைத் தூக்கி வந்த தாய்க்கு "பார்த்துக்கொண்டிருப்போம்" என்பது சிகிச்சையாகத் தோன்றாது. புகை வரும் முகமூடி ஏதோ நடக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் அழும் குழந்தையின் முகத்தில் அதை அழுத்திப் பிடிப்பது அதன் இருக்கும் பலத்தையும் கரைக்கிறது. நாடித்துடிப்பும் கூடுகிறது. வார்டில் அதிகம் செய்வது அதிகம் உதவுவது ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் குழந்தை வைத்தியத்தில் குறைவு.

அப்படியானால் தீவிர சிகிச்சைப் பிரிவு எதற்கு? நாள் கடத்துவதற்கு. நோய் தானாக இறங்கும். அதுவரை குழந்தை களைத்துவிடாமல் அதன் மூச்சைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தாங்குவதில் படிகள் உண்டு. அந்தப் படிகளில் எது, எப்போது, யார் கையில் என்பதுதான் கடந்த பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியின் சாரம்.

முதற்படி மூக்கைச் சுத்தம் செய்வது. கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடுபவை. உப்புநீர்ச் சொட்டு விட்டு மேலோட்டமாகச் சளியை உறிஞ்சினாலே சில குழந்தைகளின் மூச்சு வேகம் குறையும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது வீக்கத்தைக் கூட்டும். அடுத்தது ஒட்சிசன். எந்த அளவு இருந்தால் போதும்? பிரித்தானியாவில் 615 குழந்தைகளில் செய்து 2015இல் வெளிவந்த சோதனையில், 94 வீதத்துக்குப் பதில் 90 வீதத்தை எல்லையாக வைத்தும் கெடுதி எதுவும் நேரவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஒட்சிசன் சிலிண்டரில் வரும் ஊர்களுக்கு இது பெரிய செய்தி.

அதற்கு மேற்படி, சூடாக்கி ஈரமாக்கிய காற்றையும் ஒட்சிசனையும் கலந்து மூக்குக் குழாய் வழியே வேகமாகச் செலுத்தும் 'ஹை ஃப்ளோ'. அளவு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 2 லீற்றர். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 17 வைத்தியசாலைகளில் 1,472 குழந்தைகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், சாதாரண ஒட்சிசன் பெற்றோரில் 23 வீதத்தினருக்குச் சிகிச்சை போதாமல் போனது. ஹை ஃப்ளோவில் அது 12 வீதம். இந்த எண்களை மட்டும் பார்த்து உலகமே கருவி வாங்கக் கிளம்பியது. அதே ஆய்வின் மற்றப் பாதியை மெதுவாகத்தான் படித்தார்கள்: தீவிர சிகிச்சைக்குப் போனவர்களின் அளவிலும் வைத்தியசாலையில் கழித்த நாட்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண ஒட்சிசனில் போதாமல் போனவர்களில் பத்தில் ஆறு பேரைப் பிறகு ஹை ஃப்ளோவுக்கு மாற்றியே மீட்க முடிந்தது. ஆகவே இதை எல்லோருக்கும் முதலிலேயே வைக்கத் தேவையில்லை, சாதாரண ஒட்சிசன் தோற்றபின் எடுத்தால் போதும்.

கேகாலை போன்ற இடத்தில் இந்தத் தீர்ப்புக்குக் காசுக் கணக்கும் உண்டு. நான்கு கிலோக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 8 லீற்றர் ஓட வேண்டும். கலப்பான் இல்லாமல் முழு ஒட்சிசனாக ஓட்டினால் 7,000 லீற்றர் கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்று பதினைந்து மணி நேரம்கூட வராது. அதே சிலிண்டர் சாதாரண மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு ஒரு லீற்றராக ஓடினால் நான்கு நாளுக்கு மேல் நிற்கும். கருவிக்கு மின்சாரமும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டுப் பார்த்த நாடு இது.

அதற்கும் மேல் சீபாப். மூச்சு விட்டு முடித்த பிறகும் குழாய்கள் மூடிக்கொள்ளாதபடி இடைவிடாத அழுத்தம் கொடுத்து வைப்பது. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி குறைமாதப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தியது, பத்தாண்டுக்குள் பிரொங்கியோலைட்டிஸுக்கும் வந்தது. ஹை ஃப்ளோவா, சீபாப்பா? பிரெஞ்சு வைத்தியர்கள் 142 குழந்தைகளில் ஒப்பிட்டு 2017இல் சொன்னது: ஹை ஃப்ளோ பாதிப்பேருக்குப் போதவில்லை, சீபாப் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் போதவில்லை. 2022இல் வந்த பிரித்தானிய ஆய்வு வெவ்வேறு நோயுள்ள பிள்ளைகளை எடுத்து, இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கடுமையான கைக்குழந்தைக்குச் சீபாப்பை முன்வைப்பதே சரி என்பது என் எண்ணம்.

சீபாப்பை மலிவாகவும் செய்யலாம். வெளிமூச்சுக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் ஐந்தாறு சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்தால், அந்த ஆழமே அழுத்தம். குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். டாக்காவில் மொஹம்மத் ஜோபையர் சிஸ்தி குழுவினர் இதைக் கடும் நிமோனியாவும் ஒட்சிசன் குறைவும் உள்ள 225 பிள்ளைகளில் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவில், சாதாரண ஒட்சிசன் பெற்றோரில் 15 வீதத்தினர் இறந்தார்கள், குமிழி சீபாப்பில் 4 வீதத்தினர். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. பழைய ஷாம்பூப் போத்தலையும் தண்ணீரையும் வைத்துச் செய்த கருவி என்று பத்திரிகைகள் கொண்டாடின.

நான்கு ஆண்டு கழித்து மலாவியிலிருந்து வந்த செய்தியை அதே பத்திரிகைகள் அவ்வளவு கொண்டாடவில்லை. ஒரு மாவட்ட வைத்தியசாலையில், எச்.ஐ.வி. தொடர்போ ஊட்டக்குறைவோ ஒட்சிசன் குறைவோ உள்ள நிமோனியாப் பிள்ளைகள் 644 பேரில் செய்த ஆய்வு அது. சாதாரண ஒட்சிசனில் இறந்தோர் 11 வீதம், குமிழி சீபாப்பில் 17 வீதம். உதவ வந்த கருவி கெடுதி செய்தது. காரணங்கள் பல இருக்கலாம், பிள்ளைகளும் வேறு வகை. ஆனால் ஒரு வேறுபாட்டை யாரும் தவிர்க்க முடியாது. டாக்காவில் வைத்தியர்கள் கூடவே இருந்தார்கள். மலாவியின் அந்த வார்டில் அன்றாடம் வைத்தியர் மேற்பார்வை இருக்கவில்லை. சீபாப்பில் உள்ள குழந்தையின் வயிறு காற்றால் உப்பும், பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், மூக்கில் புண் வரலாம், நுரையீரல் வெடித்துக் காற்றுக் கசியலாம். இவை எல்லாம் மணிக்கு மணி வந்து பார்ப்பவர் கண்ணில்தான் படும்.

மாவட்ட வைத்தியசாலைக்குக் கருவி நன்கொடை கொடுக்க முன்வருவோர் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்டலாம். இரவு இரண்டு மணிக்கு எத்தனை கட்டிலுக்கு எத்தனை தாதியர் என்பதற்கு ரிப்பன் கிடையாது. எனக்கு ஒன்றைத்தான் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு வென்டிலேட்டரைவிட, குழந்தைகள் பகுதிக்கு இரவில் கூடுதலாக ஒரு தாதியைக் கேட்பேன்.

வென்டிலேட்டர் கடைசிப் படி. மூச்சு திரும்பத் திரும்ப நிற்கும் குழந்தைக்கும், சீபாப்பிலும் களைத்துப்போகும் குழந்தைக்கும் தொண்டையில் குழாய் இறக்கித்தான் ஆக வேண்டும். இங்கே அவசரம் கூடாது. காற்று வெளியேற நேரம் எடுக்கும் நோய் என்பதால் மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, வெளிமூச்சுக்கு நேரம் விட்டு, ஒவ்வொரு மூச்சும் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றருக்குள் நிற்கும்படி வைக்கிறார்கள். காபனீரொட்சைட் சற்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். அதைச் சரியான எண்ணுக்கு இறக்கப் போனால் நுரையீரல் காயப்படும். அன்டிபயோட்டிக் விடயத்திலும் இந்தப் படியில் கணக்கு மாறுகிறது. சாதாரண பிரொங்கியோலைட்டிஸுக்கு அது வீண். ஆனால் லிவர்பூலில் ஆர்.எஸ்.வி.யால் வென்டிலேட்டரில் இருந்த 165 குழந்தைகளின் சளியைச் சோதித்தபோது ஐந்தில் இரண்டு பேரிடம் பக்டீரியாவும் இருந்தது. ஆகவே குழாய் போட்ட குழந்தைக்குச் சளியை அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்கி, முடிவு சுத்தமாக வந்தால் நிறுத்திவிடுவது நியாயம்.

பால் பற்றியும் கொஞ்சம். மூச்சு வாங்கும் குழந்தையின் வாயில் பால் ஊற்றக்கூடாது, பட்டினியும் போடக்கூடாது. மூக்கு வழிக் குழாயில் தாய்ப்பாலைக் கறந்து சிறிது சிறிதாகக் கொடுப்பது, நரம்பில் ஏற்றும் சேலைனுக்கு இளைத்ததல்ல என்று 759 குழந்தைகளில் நடந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு 2013இல் காட்டியது. நரம்பில்தான் கொடுக்க வேண்டும் என்றால் உப்புக் குறைந்த திரவம் ஆபத்து. இந்த நோயில் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். கறந்த பாலைக் கொடுக்கத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் வேண்டும். சிங்களம் தெரியாத தாய்க்கு, பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல ஒருவரும் வேண்டும். இவற்றைச் சிகிச்சைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நம் பழக்கம்.

வைத்தியசாலைக்கு முன்னால் வீதி இருக்கிறது. மலைத் தோட்டத்திலிருந்து டிஸ்பென்சரி, அங்கிருந்து கரவனல்லை ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து புளத்கொஹுபிட்டிய வழியே கேகாலை பெரியாஸ்பத்திரி. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடுகண்ணாவை ஏற்றம் ஏறிப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை, அல்லது கொழும்பு லேடி ரிட்ஜ்வே. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த மாவட்டம் இது. மழைக் காலத்தில் வீதி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த வைரஸும் வெப்ப நாடுகளில் பெரும்பாலும் மழையை ஒட்டித்தான் பரவுகிறது.

ஆகவே நேரம்தான் முதல் மருந்து. பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் ஆயாவுக்கு மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணவும், சட்டையைத் தூக்கிக் குழி விழுகிறதா என்று பார்க்கவும் பழக்கலாம். டிஸ்பென்சரியில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறு கருவி, கைக்குழந்தைக்கு ஏற்ற உணரியோடு இருக்க வேண்டும். பெரியவருக்கானதைக் குழந்தை விரலில் மாட்டினால் எண் பொய் சொல்லும். நெஞ்சில் தைலமும் கற்பூரமும் தேய்த்து ஒரு இரவு பார்ப்பதை விடுவதும் இதில் சேரும். கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். ஆனால் லயத்து வாசல் வரை வண்டி ஏற முடியாத தோட்டங்களில் பிள்ளையைப் பெரிய ரோட்டுக்குத் தூக்கி வர யாராவது வேண்டும். மூன்றாம் நாள் மாலையில் பால் குடிப்பது குறைந்த பிள்ளையை அன்றே இறக்கினால் பெரும்பாலும் மூக்குக் குழாய் ஒட்சிசனோடு முடியும். மறுநாள் வேலை முடிந்து பார்ப்போம் என்று விட்டால் அதே பிள்ளை வேறு கட்டிலுக்குப் போகலாம்.

வராமலே தடுப்பது பற்றிக் கடைசி சில ஆண்டுகளில்தான் பேச முடிகிறது. 1966இல் அமெரிக்காவில் சோதித்த முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி பெரும் துயரமாக முடிந்தது. ஊசி பெற்றுப் பிறகு தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள், இருவர் இறந்தார்கள். அந்தப் பயம் பல பத்தாண்டுகள் துறையையே முடக்கியது. 2013இல் ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம் ஆகியோர் வைரஸின் மேற்புரதம் செல்லுக்குள் நுழையுமுன் எந்த வடிவில் இருக்கிறது என்று காட்டியபின் கதவு திறந்தது. இப்போது இரண்டு வழிகள்: கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி, அல்லது பிறந்த குழந்தைக்கு ஒரே ஊசியாக நிர்செவிமாப் எனும் எதிர்பொருள். தாய்க்குப் போட்ட ஊசி குழந்தையின் முதல் 90 நாளில் கடும் நோயை 82 வீதம் வரை குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2024 செப்டெம்பரில் இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் சேர்த்துக்கொள்ளும்படி பரிந்துரைத்தது.

தோட்டத்துக்கு இவற்றில் பொருத்தமானது தாய்க்குப் போடும் ஊசி என்றே நினைக்கிறேன். 28 வாரம் கடந்த கர்ப்பிணி எப்படியும் கிளினிக்குக்கு வருகிறாள், மருத்துவிச்சிக்கு அவள் பெயரும் லயமும் தெரியும். ஏற்பு ஊசியை இதே வழியில் நாம் நன்றாகவே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். ஆர்.எஸ்.வி. ஊசியின் காப்பு, குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் மாதங்களையும் தொட்டு நிற்கும். தடை விலை. வருமானத்தில் ஏறிய நாடு என்பதால் இலங்கை, கவி (Gavi) எனும் தடுப்பூசிக் கூட்டமைப்பின் உதவிப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. வறிய நாடுகளுக்குக் கிடைக்கும் விலை நமக்குக் கிடைக்காது. விலை பேசுவதற்கு முன் நமக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிய வேண்டும். கேகாலையில் ஓர் ஆண்டு மழைக் காலத்தில் எத்தனை கைக்குழந்தைகள் எத்தனை நாள் ஒட்சிசனில் கிடந்தார்கள், எத்தனை பேர் மேல் சிகிச்சைக்கு ஏற்றப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் தோட்டத்துப் பிள்ளைகள், எந்த வயதில் வந்தார்கள் என்பதெல்லாம் பெட் ஹெட் டிக்கெட்டுகளில் எழுதித்தான் இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்க ஓர் இளம் வைத்தியரும் சில மாதங்களும் போதும்.